ஓட்டை உடைசல் வண்டியில் இரண்டு பேர்

என் கண்ணுக்கு,

நீ பெங்களூரிலிருந்து போட்ட கார்டு வந்து சேர்ந்தது. தபால்காரர் நம் தெருவுக்குள் திரும்புவதற்குள் உன் அப்பா முனைக்கே ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முதலில் அவர் படித்தார், பிறகு சத்தம்போட்டு எனக்குப் படித்தார், அப்புறம் உன் பெண்டாட்டி மாதம்மா வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். லாரி நன்றாக ஓடுகிறது, மேட்டில் கூட முக்குவதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியை அப்பா அன்று சாயங்காலம் வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ராணுவம் கழித்துப்போட்ட வண்டியை ஏலத்தில் எடுத்து நீ ஓட்டிக்கொண்டு வந்த அன்று பூமாலை போட்டது போதாதென்று, போகிற இடத்திலும் அதற்கு மாலை போட வேண்டும் என்கிறார்.

வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பங்களாக்களும், புதிதாக வந்த ஆபீசுகளும், எழும்பிக்கொண்டே இருக்கிற மாடிவீடுகளுமாக ஊர் கண்கொள்ளாமல் கிடக்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் கழித்துக்கட்ட வேண்டிய சாமான் மலைபோல இருக்கும், ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஓர் அம்மாள் நாயை அவிழ்த்துவிட்டாள் என்று படித்தபோது நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். கோபித்துக்கொள்ளாதே. உன் அப்பாவையும் நாய் துரத்தியிருக்கிறது. ஆனால் கடைசி வரியில், தொழில் ஒரு நிலைக்கு வரும்வரை மாதம்மா அங்கேயே இருக்கட்டும், லாரி வேலை பெண்பிள்ளைகளுக்கு ஆகாது என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்றது. கல்யாணத்தின்போது உனக்குச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன் அப்பாவுக்கும் எனக்கும் கல்யாணம் ஆனபோது எங்களிடம் இருந்தது ஒரு மாட்டுவண்டியும் ஒரு ஜோடி மாடும் கொஞ்சம் புன்செய்க் காடும்தான். பாப்பாரப்பட்டிப் பக்கம் இருந்த காடு வானம் பார்த்தது, பெய்தால் உண்டு. கடலைக்காய் மூட்டையும் புளியும் ஏற்றிக்கொண்டு தர்மபுரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். விளைச்சல் முடிந்துவிட்டால் வண்டிக்கு வேலை இல்லை. அப்போதுதான் தர்மபுரி பெரிதாகத் தொடங்கியிருந்தது. கூரை வீடுகள் ஓட்டு வீடுகளாயின. பஸ் நிற்கிற இடத்தைச் சுற்றிக் கடைகள் முளைத்தன. கூரையைப் பிரித்தால் கழி, ஓலை, உடைந்த பானை, இற்றுப்போன பெட்டி என்று எல்லாம் வெளியே வரும். அதைக் கொண்டுபோய்ப் போட ஆள் இல்லாமல் ராவோடு ராவாகப் பக்கத்து வீட்டு வேலியோரம் தள்ளிவிடுவார்கள். விடிந்ததும் சண்டை. உன் அப்பா இதைப் பார்த்துவிட்டு, "இந்த ஒடசலையெல்லாம் நாமளே எடுத்துக்கிட்டுப் போனா என்னா புள்ள?" என்றார். ஏரிக்கரைப் பொட்டலில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தர்மபுரிக்கே வந்துவிட்டோம். நீ அப்போது கைக்குழந்தை.

முதல் நாள் அவர் தெருத்தெருவாக வண்டியை ஓட்டிக்கொண்டுபோய், "குப்ப இருக்குதுங்களா? குப்ப எடுக்கறமுங்க!" என்று கூவினார். ஓர் அம்மாள் வெளியே வந்து, "எங்க வூட்ல குப்ப இருக்குதுன்னு ஒனக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். சரி, குப்பை என்று சொல்லக்கூடாது போலிருக்கிறது என்று, அடுத்த தெருவில், "ஒடஞ்சது, ஓட்டையானது, ஒண்ணுக்கும் ஒதவாதது இருக்குதுங்களா?" என்றார். வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கி, "உள்ள போயி சொல்லுங்கடா, என்னய ஏத்திக்கிட்டுப் போவ ஆளு வந்திருக்குது" என்றார். வீடே கொல்லென்று சிரித்தது. அப்பா வெறும் வண்டியோடு திரும்பி வந்து, மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, அந்தப் பெரியவர் சொன்னதை எனக்கு நடித்துக் காட்டினார். சோறு போட்டுக்கொண்டே நான் சொன்னேன்: "ஏங்க, எங்கிட்ட குப்ப இருக்குதுன்னு எந்த வூட்டுக்காரி ஒத்துக்குவா? எடம் வேணுமான்னு கேளுங்க. எடம் வேணாங்கிறவ யாரு இருக்கறா?"

"அத நீயே வந்து கேளு" என்றார். மறுநாள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். அன்றைக்கு ஏறினவள்தான்.

முதலில் எங்களை உள்ளே விட்டது, கோட்டைப் பக்கம் ஓட்டு வீட்டில் இருந்த ஓர் அம்மாள். வயிற்றுப்பிள்ளைக்காரியான மகள் பிரசவத்துக்குப் பாலக்கோட்டிலிருந்து வருகிறாள். அவளைப் படுக்கவைக்க வேண்டிய அறையில் கால்வைக்க வழியில்லை. விரிசல் விட்ட குதிர், தகரம், ஒற்றைக்கால் இல்லாத விசுப்பலகை, கம்பி மட்டும் மிஞ்சிய குடை, முறம், புட்டி என்று கூரை வரைக்கும் இருந்தது. "எடம் வேணுங்களாம்மா?" என்று நான் கேட்டதும் அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேணும் புள்ள. ஆனா ஒண்ணையும் தூக்கிப்போட எனக்கு மனசு வரல" என்றார். அப்பா தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு அள்ளத் தயாராக இருந்தார். நான் அவரைத் தடுத்து, எல்லாவற்றையும் கொண்டுவந்து முற்றத்து வெயிலில் பரப்பச் சொன்னேன். "நீங்க சொல்றத மட்டும் ஏத்தறமுங்க. சொல்லாதத தொட மாட்டம்" என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு, உனக்குச் சோறு ஊட்ட உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மாள் ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றி வந்தார். இது என் மாமியார் வாங்கினது, இது என் வீட்டுக்காரர் சேலத்திலிருந்து தலையில் வைத்துக்கொண்டு வந்தது என்று எனக்குக் கதை சொன்னார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கதையைச் சொல்லி முடித்த சாமானை அவரே காலால் வண்டிப் பக்கம் தள்ளிவிட்டார். வெயில் தாழும்போது ஓர் உடைந்த உரலைத் தவிர எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. உரலை மட்டும் விடமாட்டேன் என்றார். விட்டுவிட்டு வந்தோம். எல்லார் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும் கண்ணு. எதற்கென்று கேட்காதே, எடுக்காதே. அந்த அறையில் பெண் குழந்தை பிறந்தது. சர்க்கரையும் வெற்றிலையும் ஏரிக்கரைக்கே கொடுத்தனுப்பினார். அதைவிடப் பெரிய உபகாரம், அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு எல்லாம் போய் நம்மைப் பற்றிச் சொன்னார். கடைக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கடைக்காரர்களுக்குக் கதை சொல்ல நேரம் இருக்காது, கடை திறப்பதற்கு முன்னால் வேலை முடிந்திருக்க வேண்டும். வீட்டில் மெதுவாகவும் கடையில் வேகமாகவும் இருக்கத் தெரிந்துகொண்டோம். இரும்பு கொல்லுப்பட்டறைக்கும், விறகு சுண்ணாம்புக் காளவாய்க்கும், மக்கினது காட்டுக்கும் போயிற்று. ஓட்டாஞ்சில்லைக் கூட வீணாக்காமல் வண்டிப்பாதைப் பள்ளத்தில் கொட்டி மேடாக்கினோம்.

இந்த நேரத்தில்தான் உன் அத்தை வந்தார். இப்போது நம் தொழிலைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிற அதே அத்தைதான். அப்பாவுக்குத் தாய் இல்லை, அக்காதான் வளர்த்தார் என்பது உனக்குத் தெரியும். அக்கா ஒரு சொல் சொன்னால் இவர் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. குடிசைக்குள்ளே கூட வராமல் வேலி ஓரமாக நின்று பேசினார்.

"ஏன்டா தம்பி, ஏரு புடிச்ச கையிடா அது. ஊரான் வூட்டு ஒடசல அள்ளிக்கிட்டுத் திரியற. பாப்பாரப்பட்டி சந்தையில என்னால தல காட்ட முடியல. ஒந்தம்பி குப்ப வண்டி ஓட்டறானாமேன்னு கேக்கறாளுங்க."

"குப்ப இல்லக்கா, எடம்…" என்று இவர் ஆரம்பித்தார்.

"என்னா எழவோ. தேருக்கு வர்றன். தேரு நெலைக்கு வந்ததும் வண்டியையும் மாட்டையும் ஓட்டிக்கிட்டு எங்கூட வந்துடணும். எங்க காட்டுல பாதிய நீ உழு. எம்மேல ஆணை."

அவர் போனபிறகு உன் அப்பா வெகுநேரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே நின்றார். போகமாட்டேன் என்று அக்காவிடம் சொல்ல அவருக்கு வாய் வராது. போகிறேன் என்று என்னிடம் சொல்லவும் மனசு வரவில்லை. பங்குனித் தேருக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஊரே கோலமாவு இடித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் தேர் வரவே கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்ததோ என்னவோ, அந்த வருஷம் தேருக்கே ஓர் இடைஞ்சல் வந்து சேர்ந்தது.

தேர்வீதியில் ஒரு பழைய புளிக் கிடங்கு இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுச் சொத்து. ஊரில் அவர்களைப் பெரிய முதலாளி, சின்ன முதலாளி என்போம். எதிரெதிர் வீடு. அவர்கள் அப்பா செத்தபோது எல்லாவற்றையும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். விருந்துக்குச் சோறாக்குகிற ஒரு பெரிய செப்பு அண்டாவை மட்டும் காணோம். நீ எடுத்துக்கொண்டாய் என்று அண்ணன், நீதான் ஒளித்துவைத்தாய் என்று தம்பி. அதில் முறிந்த பேச்சு பல வருஷமாகியும் சேரவில்லை. பிரிக்காமல் நின்றுபோன கிடங்குக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். இரண்டு பூட்டும் ஒன்றாகத் திறந்தால்தான் கதவு திறக்கும். ஆகவே திறக்கவே இல்லை. அந்த ஐப்பசி மழையில் கிடங்கு அப்படியே சரிந்து வீதியில் பாதியை அடைத்துக்கொண்டது. சுவரும் ஓடும் உத்திரமும் மக்கிப்போன புளியும் பாயும் சாக்குமாக ஒரு குன்று. கதவு மட்டும் மேலே மல்லாந்து கிடந்தது, இரண்டு பூட்டும் பூட்டினபடியே.

அண்ணன் ஒரு கூடை எடுக்கப் போனால், "அதுல எம்பாகமும் இருக்குது, தொட்டா சேலம் கோர்ட்டுக்குப் போவன்" என்பார் தம்பி. தம்பி போனால் அண்ணன் அதையே சொல்வார். ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்த்து அலுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. மனிதர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். தேர் எப்படிச் சுற்றும்? கோயில் தர்மகர்த்தா கடைசியில் நம் குடிசைக்கு வந்தார்.

"ஏம்ப்பா, ஒன்னால முடியுமா?"

"அள்றதுக்கு முடியுமுங்க" என்றார் அப்பா. "ஆனா அவுங்க ரெண்டு பேரும் சரின்னு சொல்லோணுமுங்களே. அண்ணன் தம்பி வழக்குல நான் எப்பிடிங்க கைய வெக்கறது?"

தர்மகர்த்தா தலையில் கைவைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் தேர் வரக்கூடாது என்று நினைத்த என் மனசே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். முதலாளிகளிடம் போகவில்லை. பெரிய முதலாளி வீட்டுப் புழக்கடைப் பக்கம் போனேன். அந்த வீட்டு அம்மாள் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு துரும்பக்கூட வீச மாட்டமுங்க. ஒங்க பாகம், அவுங்க பாகம் எல்லாம் எங்க பொட்டல்ல பத்திரமா கெடக்கும். தேரு போனப்பறம் நீங்க ரெண்டு வூடும் வந்து பாத்துப் பிரிச்சிக்கோங்க. நம்பிக்க இல்லீன்னா வண்டியிலயே ஒங்க ஆளு ஒருத்தரு ஒக்காந்து வரட்டும்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எதுத்த வூட்டுக்காரி ஒத்துக்கிட்டாளா?" என்று கேட்டார். இனிமேல்தான் கேட்கவேண்டும் என்றேன். எதிர்வீட்டுக்குப் போய் அதையே சொன்னேன். சின்ன அம்மாள் அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "எதுத்த வூட்டம்மா என்னா சொன்னாங்க?" என்றார். "நீங்க என்னா சொன்னீங்கன்னு கேட்டாங்க" என்றேன். அந்த அம்மாள் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். இரண்டு பேருக்குமே ஒரே பயம்தான். தேர் நின்றுபோனால் ஊர் தங்கள் வீட்டைத்தான் சொல்லும், பிள்ளைகளுக்குப் பெண் கேட்டால் தரமாட்டார்கள். அன்று அந்த இரண்டு வீட்டிலும் என்ன பேச்சு நடந்ததோ தெரியாது. தேருக்கு முதல்நாள் விடியும்போது இரண்டு முதலாளிகளும் வீதியில் வந்து நின்றார்கள், ஆளுக்கொரு குடையோடு, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு.

வண்டியில் உட்கார்ந்து வர நம்பிக்கையான ஆள் யார் என்றால், இரண்டு பேருக்கும் தன்னைத் தவிர யார் மேலும் நம்பிக்கை இல்லை. முதல் பாரம் ஏற்றியதும் பெரியவர் முன்னால் மாட்டுப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார். சின்னவர் பின்னால் வீதியைப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் நல்ல கனம். நடுவில் உடைசல். வண்டி நகர்ந்தது. பொட்டலுக்குப் போனதும் சின்னவர் கீழே குதித்தார். உடனே வண்டி முன்பக்கம் அமுங்கி மாடு இரண்டும் கழுத்தை மடக்கி முனகின. அப்பா, "அய்யோ முதலாளி, ஏறுங்க, ஏறுங்க!" என்று கத்தினார். சின்னவர் ஏறின அதே நேரத்தில் பெரியவர் பயந்துபோய் இறங்கிவிட்டார். இப்போது பின்பக்கம் அமுங்கி ஏர்க்கால் வானத்துக்குப் போயிற்று. சின்னவர் சரிந்துவந்த பாயும் சாக்குமாக மூடப்பட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டேன். அப்பா ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "கோச்சிக்காதீங்க. வாயில்லா சீவனுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா ஏறணும், ஒண்ணா எறங்கணுமுங்க."

பேசாமல் எப்படி ஒன்றாக இறங்குவது? இரண்டாவது நடையில் பெரியவர் தொண்டையைச் செருமினார். அவர் இறங்கப்போகிறார் என்று சின்னவர் புரிந்துகொண்டார். மூன்றாவது நடையில் சின்னவர், யாரிடமோ சொல்வதுபோல, "எறங்கலாமா?" என்றார். பெரியவர் வானத்தைப் பார்த்து, "ம்" என்றார். பல வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட பேச்சு அதுதான். வீதியில் இருந்தவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடையோடு இறங்கிவிட்டார்கள். நீ வேப்பமரத்துத் தூளியில் கிடந்தாய். போகிற வருகிற பெண்கள் எல்லாம் ஆளுக்கொரு தடவை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

உச்சிவேளை கடந்து உன் அத்தை வந்து சேர்ந்தார். புதுச்சேலை, கையில் தம்பிக்குப் பணியாரம். தேர்வீதி நடுவில் தம்பி தலை முதல் கால் வரை புளித்தூசியாக நிற்பதைப் பார்த்தார். பாதி ஊர் அவரோடு சேர்ந்து அள்ளிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். முகம் சிவந்து நேராக அவரிடம்தான் போனார். பக்கத்தில் ஒருவர் கூடையை ஒற்றைக்கையால் தூக்க முடியாமல் பாதியைக் கீழே கொட்டிக்கொண்டு போனார். அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "கூடைய இப்பிடியா புடிப்பாங்க? பாதி கொட்டுது, பாதி போவுது, பொழுதுக்குள்ள எப்பிடி முடியும்? சாமி வர வேண்டாமா?" என்று கத்தினார். பணியாரத்தை என் கையில் திணித்தார். புதுச்சேலையை வரிந்து கட்டினார். "குடுறா அந்தக் கடப்பாரைய" என்று தம்பியிடமிருந்து பிடுங்கினார்.

அத்தை கடப்பாரை போட்ட மூன்றாவதோ நான்காவதோ போட்டில் 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. கல்லில் பட்ட சத்தம் இல்லை. மக்கின பாயைக் கையால் இழுத்துத் தள்ளினார், முறிந்த பரண் பலகையைப் புரட்டினார். ஒரு பக்கம் நசுங்கி, பச்சை பூத்து, ஆள் உட்காரலாம் போல ஒரு செப்பு அண்டா. அத்தைக்கு ஊர்க்கதை எதுவும் தெரியாது. அதன் காதைப் பிடித்து நிமிர்த்தி, "இது யாருதுங்க?" என்று வீதி முழுக்கக் கேட்கிறாற்போல் கேட்டார்.

இரண்டு முதலாளிகளும் வண்டியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் அண்டாவைப் பார்த்தார். பிறகு திரும்பி, அன்றைக்கு முதல்முறையாகத் தம்பி முகத்தைப் பார்த்தார். "டேய், அப்பாரு பரணு மேல போட்டு வெச்சிருக்காருடா" என்றார். சின்னவருக்கு உதடு துடித்தது. "ரெண்டு பூட்டு போட்டமேண்ணா, அதுக்குத்தான் காவலு காத்தமா?" என்றார். பெரியவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வண்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சின்னவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான். அப்பா மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணா எறங்குங்க முதலாளி, ஒண்ணா எறங்குங்க" என்றார். ஒன்றாகவே இறங்கினார்கள். எதிரெதிர் வீட்டிலிருந்து இரண்டு அம்மாள்களும் ஓடிவந்தார்கள். "ஒன்னய நான் என்னென்ன பேச்சு பேசியிருக்கறன்டி" என்று மூத்தவர் ஆரம்பித்தார். இளையவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் பேசுனது ஒங்களுக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சா இப்பிடிக் கையப் புடிக்க மாட்டீங்க" என்றார். வீதியே சிரித்தது.

பொழுது சாய்வதற்குள் வீதி பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. மறுநாள் தேர் வந்தது. அந்த இடம் வந்ததும் வடம் பிடித்தவர்கள் தாமாகவே கொஞ்சம் மெதுவானார்கள், சக்கரம் ஒரு கல்லிலும் இடறாமல் உருண்டு போயிற்று. அப்பா வடத்தில் பெரிய முதலாளிக்கும் சின்ன முதலாளிக்கும் நடுவில் இருந்தார். பாத்திரக்காரர் இரவோடிரவாக ஒடுக்கு எடுத்து, ஈயம் பூசிக் கொடுத்த அண்டாவில் பானகம் கரைத்து, இரண்டு அம்மாள்களும் ஒன்றாக நின்று ஊற்றினார்கள். உனக்கும் ஒரு வாய் கொடுத்தேன். சப்புக்கொட்டிவிட்டு இன்னும் வேண்டுமென்று அழுதாய்.

தேர் நிலைக்கு வந்தது. எனக்குத் திரும்பவும் பயம் வந்துவிட்டது. அப்பா அத்தையிடம் போய், தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, வண்டி கட்டட்டுமா? கெளம்பலாமா?" என்று கேட்டார்.

"எங்கடா கெளம்பறது?" என்றார் அத்தை. "சின்ன முதலாளி வூட்ல வடக்கு அறை முச்சூடும் அடஞ்சி கெடக்குதாம். அந்தம்மா எங்கிட்ட சொன்னாங்க. நாளைக்கு வந்து ஒழிச்சிக் குடுத்தர்றம்னு நான் சொல்லிட்டன். ஒம் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வா. அவ இல்லாம நீ போனா வாசல்லயே நிக்க வெப்பாங்க."

அந்த வடக்கு அறையிலிருந்துதான் நம் பிழைப்பு தளிர்விட்டது. இரண்டாவது வண்டி வந்தது. போர் வந்து, நம் ஊர் வழியாக ஓடின சின்ன ரயிலின் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனபோது, பழைய இரும்புக்கு ஊரில் இருந்த கிராக்கியை நீயே பார்த்திருக்கிறாய். நீ லாரி ஓட்டக் கற்றுக்கொண்டது, பெங்களூருக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடித்தது எல்லாம் அந்தச் சோற்றைத் தின்றுதான். நீ போகிறேன் என்றபோது எனக்கு வருத்தமே இல்லை. ஊர் எங்கே பெரிதாகிறதோ அங்கேதான் நமக்கு வேலை.

அதனால் சொல்கிறேன், கேள். பாரம் தூக்க உனக்குத் தெம்பு இருக்கிறது, வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் ஒரு வீட்டுக்காரி தன் வீட்டின் உள்ளறையை முன்பின் தெரியாத ஆண்பிள்ளைக்குத் திறந்து காட்டமாட்டாள். இன்னொரு பெண் வந்து நின்றால் திறப்பாள். திறந்த பிறகு அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார ஒருத்தி வேண்டும். உன்னால் உட்கார முடியாது, உனக்கு உன் அப்பாவின் கை, பார்த்ததும் அள்ளத்தான் வரும். மாதம்மா கன்னடமும் தமிழும் ஒன்றுபோலப் பேசுகிற ஊரில் வளர்ந்தவள். உன் கார்டு வந்த மறுநாள், "பெங்களூருல நீ போனா வாசல்ல நின்னு என்னா கேப்ப?" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கையைக் கூப்பி, "ஜாக பேக்காம்மா?" என்றாள். எனக்குக் கன்னடம் அரைகுறை, இடம் வேண்டுமா என்று கேட்கிறாள் என்ற மட்டில் புரிந்தது. ஆனாலும் என் வீட்டையே திறந்துவிடலாம் போல இருந்தது. பெண்பிள்ளைக்கு ஆகாத வேலை என்று எழுதினாயே, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் செய்த வேலை கண்ணு இது.

வேறு சில சங்கதிகளும் உண்டு. யார் வீட்டு உடைசலைப் பார்த்தும் முகம் சுளிக்காதே. ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டில் சொல்லாதே. அவர்கள் மறந்து போட்டுவிட்ட நல்ல பொருள் கையில் கிடைத்தால், வண்டி நகர்வதற்கு முன்னால் கூப்பிட்டுக் கொடு. பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேள், பிள்ளைகள் சரி என்றாலும். வேலை முடிந்ததும் அந்த இடத்தைப் பெருக்கிவிட்டு வா. வெறும் தரையைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதை நின்று பார்த்துவிட்டு வா, அவசரப்பட்டு லாரியைக் கிளப்பாதே.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. மாதம்மா கையில்தான் கொடுத்திருக்கிறேன். துணைக்கு உன் அப்பா வருகிறார். ஓசூர் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. விட்டுவிட்டு உடனே திரும்பிவிடுவேன் என்கிறார், நம்பாதே. லாரியில் ஏறி ஊரைச் சுற்றாமல் வரமாட்டார், கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. நீ இதைப் படித்து முடிக்கும்வரை மாதம்மா வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆகவே இப்போது தலையை நிமிர்த்திப் பார். இரண்டு பேருக்கும் பசி, பஸ்ஸில் ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். உட்காரவைத்து முதலில் சோறு போடு. நாளைக்கு எந்தத் தெருவுக்குப் போவது என்பதை அவள் சொல்லட்டும்.

உன் அம்மா